கேமராவின் ‘உஸ்’ ஒலி நின்ற கதை

பெரியப்பா தவில் சொல்லிக்கொடுப்பதை என் டிஎஸ்எல்ஆர் கேமராவில் பதிவு செய்தபோது படம் பளிச்சென்று வந்தது. ஒலியிலோ, அவர் பேச்சை நிறுத்திய ஒவ்வோர் இடைவெளியிலும் ‘உஸ்’ என்ற இரைச்சல் மேலெழுந்தது. 3.5 மி.மீ. துளையில் காலர் மைக்கைச் செருகிய பிறகும் அது போகாததால், மைக்கின் மீதே பழியைப் போட்டு இன்னொன்று வாங்கினேன். வீண் செலவு.

உண்மையான காரணம், கேமராவின் தானியங்கி ஒலி அளவுதான். அறை அமைதியானதும் அது உள்ளிருக்கும் பெருக்கியை (மைக்கின் ஒலியைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயரை) உயர்த்திவிடுவதால், பெருக்கியின் சொந்த இரைச்சலும் மின்விசிறியின் ஓசையும் சேர்ந்தே பெருகிவிடுகின்றன.

ஆகவே அமைப்பை மேனுவலுக்கு மாற்றி, அளவை அடிமட்டத்திலிருந்து ஒரு படி மட்டும் மேலே வைத்தேன். பெருக்கும் வேலையை, நண்பரிடம் இரவல் வாங்கிய கையடக்க ரெக்கார்டரிடம் ஒப்படைத்து, மைக்கை அதில் செருகி, பெருக்கிய ஒலி வெளிவரும் அதன் லைன் அவுட் துளையிலிருந்து கேமராவின் மைக் துளைக்குக் கேபிள் இழுத்தேன். முதல் முயற்சியில் ஒலி கரகரவென்று உடைந்தது. லைன் அவுட்டிலிருந்து வரும் பலமான மின்னழுத்தத்தை, மெல்லிய மைக் ஒலிக்கென்று அமைந்த துளை தாங்காது. 25 டெசிபல் குறைக்கும் அட்டென்யுவேட்டர் கேபிளைப் போட்டதும் சரியாயிற்று.

பேச்சின் உச்சத்தை -12 டெசிபல் அருகே நிறுத்தினேன். ஆனால் கூடு (கெட்டியான விரலுறை) அணிந்த விரல்கள் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விழும்போது, ஒலி அளவைக் காட்டும் முள் உச்ச எல்லையான 0-வைத் தொட்டுவிட்டதால், வாசிப்புக்கு மட்டும் ரெக்கார்டரில் இன்னும் 10 டெசிபல் குறைத்தேன். ரெக்கார்டரின் கார்டிலும் ஒரு பிரதி பதிவாகிறது. ஒருமுறை கேபிளின் முனை தளர்ந்தபோது, தொடக்கத்தில் தட்டிய கைத்தட்டலை வைத்துப் படத்தோடு அதைப் பொருத்திக்கொண்டேன்.