டெகாவின் நடனக் காட்சிகளைப் பார்க்கும் முறை

பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகாவின் (1834–1917) பாலே நடன ஓவியத்தின் முன் நின்றதும் நடனப் பெண்ணின் முகத்தைத் தேடாமல், முதலில் ஓவியத்தின் ஓரங்களைப் பாருங்கள். பாதியில் வெட்டுண்ட உருவங்களும் வெறுமையாக விடப்பட்ட தரையும் நம் பார்வையை எப்படிக் குறுக்காக இழுத்துச் செல்கின்றன என்பது அங்கேதான் புலப்படும். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்திலுள்ள 'நடன வகுப்பு' ஓவியத்தில், ஆசிரியர் ஜூல் பெரோ கோலூன்றி நிற்க, ஒருத்தி சாவகாசமாக முதுகைச் சொறிந்துகொண்டிருக்கிறாள். மேடையின் பொலிவைவிட இந்தச் சலிப்பே டெகாவை அதிகம் ஈர்த்தது என்பது என் எண்ணம்.

கோட்டோவியங்களில் திருத்தங்களைக் கவனியுங்கள். ஒரே கையை இரண்டு மூன்று இடங்களில் வரைந்து பார்த்த தடங்களை அவர் பெரும்பாலும் அழிப்பதில்லை. அதே தோரணை வேறொரு படத்தில் மீண்டும் வரும். (பெரும்பாலும் திறந்தவெளியில் கணநேர ஒளியைத் தீட்டிய ஓவியர்களைக் குறிக்கும் இம்ப்ரெஷனிஸ்ட் என்ற பெயரை அவர் வெறுத்ததும், திறந்தவெளியைவிட ஓவியக்கூடத்தையே நம்பியதும் இங்கே பொருந்திப் போகின்றன.)

பேஸ்டல் எனும் வண்ணத்தூள் குச்சிகளால் தீட்டிய படங்களுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். ஓர் அடுக்கின் மேல் நிலைநிறுத்தும் திரவத்தைத் தெளித்து, அதன்மீது வேறு நிறக் கோடுகளை இழுத்ததால், அடிநிறம் மறையாமல் இடுக்குகளில் மின்னுகிறது. 'நட்சத்திரம்' போன்ற சிலவற்றில் அடியில் மோனோடைப் அச்சும் (தகட்டில் மையால் வரைந்ததைத் தாளில் ஒற்றியெடுப்பது) உண்டு. அருகில் சென்று கோடுகளைப் பிரித்துப் பார்த்தபின், அவை பாவாடையின் மெல்லிய துணியாக ஒன்றுசேரும் தூரம் வரை மெதுவாகப் பின்வாங்குங்கள்.