வன்னியிலிருந்து நுவரெலியாவுக்கு மோட்டார் சைக்கிளில் போக

மே தொடக்கம் செப்டெம்பர் வரை வன்னியில் சோளகக் காற்று புழுதியை வாரி அடிக்கும், குளங்கள் வற்றும். அதே மாதங்களில்தான் தென்மேல் பருவமழை ஹற்றன், நுவரெலியாப் பக்கம் கொட்டுகிறது. வவுனியாவில் வானம் வெளித்திருக்கிறது என்று மழைக்கோட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நல்ல காலம் பெப்ரவரியும் மார்ச்சின் முற்பகுதியும். ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும் காலை வெயிலாக இருந்து பின்னேரம் இடியோடு மழை இறங்கும். முதல்நாள் கண்டியில் தங்கி, விடிய வெளிக்கிட்டு, மதியத்துக்கு முன் ஏறி முடிப்பதே புத்தி.

முதலில் பின்ரயரைப் பாருங்கள். ஏ-9 போன்ற நேர் றோட்டிலேயே ஓடிய ரயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும். நேரே போகும்போது தெரியாது. வளைவில் சாய்க்கும்போது அந்தத் தட்டையின் விளிம்பில் ஏறி, பைக் சட்டென்று உள்ளே விழப் பார்க்கும். கையால் குறுக்காகத் தடவுங்கள். விளிம்பு தட்டுப்பட்டாலோ, நடுக்கோடுகளின் ஆழம் 2 மில்லிமீற்றருக்குக் குறைந்தாலோ மாற்றிவிடுங்கள்.

அடுத்தது எயார் பில்டர். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. காபரேற்றர் (காற்றையும் பெற்றோலையும் கலக்கும் பாகம்) உள்ள பைக்கில் காற்றுக் குறைந்து பெற்றோல் மிஞ்சும். கிறவல் புழுதி அடைத்த பில்டரும் சேர்ந்தால் இழுவை விழும், பிளக் கரி பிடிக்கும். அதற்காகக் காபரேற்றரைத் திருகாதீர்கள்: இறங்கி வந்ததும் பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடேறும். பில்டரைப் புதிதாக்கினால் போதும்.

டிஸ்க் பிறேக் என்றால் எண்ணெய் மாற்றி 2 வருடம் தாண்டியதா என்று பாருங்கள். டொட் 4 (DOT 4) என்ற தரத்துப் பிறேக் எண்ணெய் புதிதில் 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சியபின் 155 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். லீவர் கைப்பிடிவரை வரும், பிறேக் பிடிக்காது.

ஏறுவது பெரிய வித்தை இல்லை. எஞ்சின் திணறுமுன் கியரைக் குறையுங்கள்.

விபத்து இறக்கத்தில்தான் நிகழ்கிறது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள், செங்குத்தில் இரண்டாவது. பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டவே கூடாது. எஞ்சின் பிடித்து இழுக்காவிட்டால் முழுப் பாரமும் பிறேக்கில் விழும். பின்பிறேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிறம் சூடேறிக் கருகல் மணக்கும், பிடி தளரும். மணந்தால் அகலமான இடமாகப் பார்த்து 20 நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வளைவுக்கு முன், பைக் நிமிர்ந்திருக்கும்போதே முன்பின் இரண்டு பிறேக்கையும் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுத் திருப்புங்கள்.

வலது வளைவில் சில்லு நம் பக்கம் இருந்தாலும், சாயும்போது தலை நடுக்கோட்டைத் தாண்டும். கண்டி–நுவரெலியா வழியில் உள்ள றம்பொடப் பக்கம் எதிரே வரும் பஸ் அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பும். ஆகவே இடப்பக்கமே ஒதுங்கி, ஹோர்ன் அடித்துத் திரும்புங்கள். ஏறிவரும் வாகனத்துக்கு வழிவிடுங்கள்.

மழை தொடங்கிய முதல் கால்மணி நேரம் தாரில் படிந்த எண்ணெயும் தூசும் கலந்து மிகவும் வழுக்கும். ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கி நிற்பது வீண் நேரமல்ல. மூடுபனியில் ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், டிம்மில் போங்கள். ஹெல்மெற் கண்ணாடியின் உட்பக்கம் ஒரு துளி சவர்க்காரத் திரவம் பூசி, உலர்ந்த துணியால் துடைத்தால் ஆவி படியாது.

வன்னியைவிட மேலே 11, 12 பாகை குளிர் கூட. நனைந்தபடி ஓடும்போது இன்னும் கூட. விரல் விறைத்தால் பிறேக் பிடிக்கப் பிந்தும். பாத்திரம் கழுவும் றப்பர் கையுறையைத் துணிக் கையுறைக்கு மேலே போடுங்கள். மழைக்கோட்டு, சட்டையும் காற்சட்டையும் தனித்தனியாக உள்ளதாக இருக்கட்டும். போர்வை மாதிரித் தொங்குவது காற்றில் அள்ளுண்டு சில்லில் சிக்கும்.

மேட்டுப் பக்கத்திலிருந்து சேற்றுநீர் வந்தால், சிறுகற்கள் உருண்டு கிடந்தால், மரங்கள் புதிதாகச் சாய்ந்திருந்தால் அங்கே நிற்காதீர்கள், படமும் எடுக்காதீர்கள். மண்சரிவு எச்சரிக்கை அறிய, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்கலாம். சிவப்பு எச்சரிக்கை என்றால் கண்டியிலேயே இன்னொரு இரவு தங்குங்கள்.