குளியலறை இருட்டில் நாலுக்கு அஞ்சு பிலிம்

எங்கள் வீட்டில் குளியலறை லைட்டுக்குச் சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கிறது. மதுரையில் பழைய வீடுகள் பலவற்றில் அப்படித்தான். நாலுக்கு அஞ்சு அங்குலத்தில் தாள் தாளாக வருகிற ஷீட் பிலிமை, கேமராவில் மாட்டுகிற ஹோல்டரில் இருட்டிலேயே போட வேண்டும். முதன்முதலாக அதற்காக நான் உள்ளே போன அன்று, ஆறு தாளை ஹோல்டரில் போட்டுவிட்டு ஏழாவதைக் கையில் எடுத்தேன். "உள்ள யாரு, லைட்டக் கூடப் போடாம?" என்றபடியே அம்மா சுவிட்சைத் தட்டிவிட்டார். பெட்டி திறந்தே கிடந்தது. 25 தாள் பெட்டி. ஹோல்டருக்குள் மூடியிருந்த ஆறு தப்பித்தன, மீதி 19 தாளும் போச்சு.

ஆகவே பிலிமைத் தொடும் முன்னால் பல்பைக் கழற்றி வையுங்கள். "லைட்டப் போட்றாதீங்க" என்று வீட்டில் சொல்லிவைப்பது போதாது. சொன்னது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

போன மாதம் அக்கா மகன் பழைய நாலுக்கு அஞ்சு கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். "மாமா, பிலிம் போடறத மட்டும் சொல்லிக் குடுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அன்று வீணான 19 தாளில் ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். பழகுவதற்கு அதைவிட நல்ல தாள் கிடையாது. உங்களிடம் வீணான தாள் இல்லையென்றால் பெட்டியில் ஒன்றைப் பலி கொடுத்துவிடுங்கள். வலிக்கும், ஆனால் மற்ற 24 தாள் பிழைக்கும்.

ஹோல்டர் என்பது இரண்டு பக்கமும் பிலிம் பிடிக்கிற தட்டையான பெட்டி. பக்கத்துக்கு ஒரு தாள், அதை மூட டார்க் ஸ்லைடு என்கிற ஒரு இழுப்பு மூடி. ஸ்லைடின் கைப்பிடியை நன்றாகப் பாருங்கள். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளைப் பக்கத்தில் சின்னச் சின்ன மேடுகள் தட்டுப்படும், கறுப்புப் பக்கம் வழவழப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் உள்ளே இருப்பது இன்னும் படம் எடுக்காத பிலிம். கறுப்பு வெளியே என்றால் எடுத்தாகிவிட்டது. மேடுகள் இருட்டில் விரலுக்காக வைத்தவை.

கைப்பிடிக்கு எதிர்முனையில் ஒரு மடிப்புக் கதவு இருக்கும். ஸ்லைடை இரண்டு மூன்று அங்குலம் வெளியே இழுத்தால்தான் அது திறக்கும். திறந்து உள்ளே பார்த்தால் இரண்டு ஓரத்திலும் மேலும் கீழுமாக இரண்டு பள்ளங்கள் தெரியும். மேலே உள்ளது ஸ்லைடு ஓடும் பள்ளம், கீழே உள்ள மெல்லிய தகட்டுக்கு அடியில்தான் பிலிம் போக வேண்டும். புதிதாகப் போடுகிறவர்கள் பத்தில் எட்டுத் தடவை மேல் பள்ளத்தில் விட்டுவிடுவார்கள். ஒரு ஓரம் அடியிலும் மறு ஓரம் மேலேயும் போவது அதைவிட மோசம். பாதி வரை சுகமாகப் போய், அப்புறம் முரண்டு பிடிக்கும். பிடித்தால் தள்ளாதீர்கள், வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். அதட்டினால் கீறல்தான் மிச்சம்.

முழுதாகப் போனதா என்று தெரிய இரண்டு சோதனை. பிலிமின் நீள ஓரத்தில் நகத்தை வைத்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். தகட்டுக்கு அடியில் இருந்தால் எழும்பாது. அடுத்தது மடிப்புக் கதவு. அது தானாகப் படிய வேண்டும். படியாமல் துருத்திக்கொண்டு நின்றால் பிலிம் கடைசி வரை போகவில்லை. படிந்ததும் ஸ்லைடைத் தள்ளுங்கள். அதன் முனை கதவில் இருக்கிற பள்ளத்தில் போய் உட்காரும்போது கைக்குத் தெரியும்.

பிலிமின் எந்தப் பக்கம் மேலே? தாளின் ஒரு மூலையில் ஓரமாகச் சின்ன வெட்டுகள் இருக்கும். பிலிம் வகைக்கு ஏற்ப அவற்றின் வடிவம் மாறும். தாளை நெட்டுக்குத்தாகப் பிடித்து, அந்த வெட்டுகள் மேல் வலது மூலையில் வலது ஆட்காட்டி விரலுக்குத் தட்டுப்பட்டால், எமல்ஷன், அதாவது படம் பதிகிற பூச்சு, உங்கள் முகத்தைப் பார்க்கிறது. ஹோல்டரில் அது வெளிப்பக்கம், அதாவது டார்க் ஸ்லைடைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஹோல்டரின் கதவை உங்கள் பக்கம் வைத்துக்கொண்டு பிலிமை எதிரே தள்ளுகிறீர்கள் என்றால், அதே தாளை அப்படியே அரைச்சுற்றுத் திருப்புங்கள். வெட்டுகள் உங்களுக்கு அருகே இடது மூலையில் வந்து நிற்கும். கதவை மூடும் முன் இன்னொரு தடவை தடவிச் சரிபார்க்கலாம் என்பதால் எனக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழக்குயில்குடி சமணர் மலையடியில் தெரிந்துகொண்டேன். வெயில் ஏறும் முன்னால் போய், தாமரைக் குளத்தோடு மலையை நாலு தாள் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் இரண்டு தாள் படம் சரியாகப் பதியாமல் மெலிந்து கிடந்தன. இடமும் வலமும் மாறியிருந்தன. ஒளி பிலிமின் முதுகு வழியாக நுழைந்திருக்கிறது, அந்த முதுகில் ஒளியைத் தின்கிற சாயப்பூச்சு இருக்கிறது. மலை என்னவோ அங்கேயேதான் இருக்கிறது. அந்தக் காலை போனது போனதுதான்.

வீணான தாளை வெளிச்சத்தில் கண்ணைத் திறந்து இருபது தடவை, கண்ணை மூடி இருபது தடவை போட்டு எடுங்கள். அக்கா மகன் ஐந்தாவது தடவையிலேயே "வந்துருச்சு மாமா" என்றான். கண்ணைத் துண்டால் கட்டினேன், எட்டு தடவை தப்பு விட்டான். கட்டியபடியே தொடர்ந்து பத்துத் தடவை சரியாக வந்த பிறகுதான் நிஜப் பெட்டியைக் கண்ணில் காட்டினேன்.

இனி அறை. சிவப்பு விளக்கு போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். எச்பி5, எப்பி4, போமா 100 எல்லாம் சிவப்பையும் பார்க்கிற பிலிம்கள், அவற்றுக்கு முழு இருட்டுதான் வேண்டும். சிவப்பு விளக்கு, சிவப்பைப் பார்க்காத ஆர்த்தோ பிலிமுக்கு ஆகும். வெண்டிலேட்டர் கண்ணாடியைக் கறுப்பு அட்டையால் அடைத்து டேப் ஒட்டுங்கள். கதவுக்கு அடியில் கனத்த துண்டைச் சுருட்டி வையுங்கள். கீசரின் சின்ன விளக்கை மறக்கவே கூடாது. ரேடியம் முள் வாட்ச், போன் இரண்டும் வெளியிலேயே இருக்கட்டும். பக்கத்தில் டியூப்லைட் எரிந்து அணைந்திருந்தால் அது சிறிது நேரம் மினுக்கிக்கொண்டிருக்கும். உள்ளே போய்ப் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். முதல் நிமிடத்தில் கும்மிருட்டாகத் தெரிந்த இடத்தில் பத்தாவது நிமிடம் ஒரு கோடு வெளிச்சம் தெரியும். அதை அடைத்துவிட்டு மறுபடி நில்லுங்கள்.

கையை உள்ளே விட்டுப் பிலிம் போடுகிற, ஒளி புகாத சேஞ்சிங் பேக் வாங்கலாமா என்றால், மார்கழியில் வாங்குங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற மாதத்தில் அந்தப் பைக்குள் கையை விட்டால் பத்து நிமிடத்தில் உள்ளே ஆவி பறக்கும், பிலிம் விரலில் ஒட்டும். 1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் இந்த ஊரில் காகித நெகட்டிவை வைத்துக்கொண்டு தெப்பக்குளத்தைப் படமெடுத்தார். வேர்வைக்கு அவர் என்ன செய்தாரோ. நான் விடிகாலை நாலு மணிக்குப் போடுகிறேன். சூடு குறைவு, வெளியே இருட்டு, சுவிட்சைத் தட்டவும் ஆள் கிடையாது.

மதுரைக்கு வேர்வையோடு தூசியும் உண்டு. ஹோல்டரின் ஒவ்வொரு பள்ளத்தையும் பிளோயரால் ஊதி, கவிழ்த்துத் தட்டி, ஜிப் கவரில் போட்டு வையுங்கள். முந்தின ராத்திரியே அறையைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டால் தூசி அடங்கும். பேன் ஓடக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தேங்காய் எண்ணெய் ரேகையாகப் படியும். நெற்றியில் திருநீறு இருந்தால் துடைத்துவிட்டுப் போங்கள். சாமி கோபிக்க மாட்டார். குனிந்து வேலை செய்யும்போது அது எங்கே கொட்டும் என்று யோசித்துப் பாருங்கள். பெட்டி ப்ரிட்ஜில் இருந்ததென்றால் முந்தின ராத்திரியே வெளியே எடுத்து, திறக்காமல் வையுங்கள். குளிர்ந்த பிலிமில் நீர் பூக்கும்.

காலி ஹோல்டர்கள் எல்லாம் இடது பக்கம், கதவு திறந்தபடி, மேடுகள் வெளியே தெரிய. பெட்டி நடுவில். போட்டு முடித்தவை வலது பக்கம். பெட்டிக்கு ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று மூடிகள் இருக்கும், கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வையுங்கள். உள்ளே கறுப்புக் கவர், அதற்குள் தாள்கள். ஒரு தாளை மட்டும் ஓரத்தைப் பிடித்து எடுங்கள். இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் கனத்திலேயே தெரியும். வேலை முடிந்ததும் கவரை மடித்து, மூன்று மூடியும் போட்டு, ரப்பர் பேண்டு மாட்டி, பெட்டியை ஒரு தடவை தடவிப் பார்த்த பிறகு கதவைத் திறங்கள்.

ஹோல்டர் மேல்முனையில் இருக்கிற சின்னக் கொக்கியைத் திருப்பி ஸ்லைடைப் பூட்டுங்கள், பையில் உரசித் திறந்துகொள்ளாது. படம் எடுத்ததும் ஸ்லைடைக் கறுப்புப் பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போடுவதை அங்கேயே, அடுத்த வேலைக்குப் போகும் முன் செய்யுங்கள். நான் ஒரு தடவை மறந்து, எடுத்த தாளிலேயே மறுபடி எடுத்துவிட்டேன். தெப்பக்குளம் மைய மண்டபத்துக்கு மேல் திருமலை நாயக்கர் மகால் தூண்கள் நிற்கிற நெகட்டிவ் ஒன்று என்னிடம் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத்தான் பிரிண்ட் கேட்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு ஹோல்டருக்கும் பென்சிலால் எண் போட்டு, மெல்லிய அரத்தால் மடிப்புக் கதவு ஓரத்தில் அந்த எண்ணிக்கைக்குச் சின்ன வெட்டு போட்டுவிடுங்கள். பிலிமின் விளிம்பில் அந்த வடிவம் பதியும். எந்த ஹோல்டரில் ஒளி ஒழுகுகிறது என்று நெகட்டிவே சொல்லிவிடும். என் மூன்றாம் எண் ஹோல்டர் அப்படித்தான் மாட்டியது. இப்போது அதைப் பழகுவதற்கென்று அக்கா மகனிடம் கொடுத்திருக்கிறேன்.