சாணம் கேனுக்குள் எப்படி மாறுகிறது? செய்து பார்க்கலாம்

சாண எரிவாயு என்றதும் எல்லோருக்கும் அடுப்புதான் நினைவுக்கு வருகிறது. எனக்கு, வாயு போன பிறகு மிஞ்சுகிற குழம்புதான் பெரிது. சாணம் அப்படி மாறுவதை ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேனிலேயே பார்த்துவிடலாம்.

படி 1: கரையுங்கள்

அன்றைக்குப் போட்ட மாட்டுச் சாணம் 5 கிலோ, கிணற்றுத் தண்ணீர் 5 லிட்டர். கல்லையும் வைக்கோலையும் பொறுக்கிவிடுங்கள். ஆன்டிபயாட்டிக் மருந்து போட்ட மாட்டின் சாணம் வேண்டாம்; வேலை செய்ய வேண்டிய நுண்ணுயிர்களை அது அடக்கிவிடும்.

படி 2: அடையுங்கள்

மூடியில் துளையிட்டு ரப்பர் குழாயைச் செருகி, ஓரத்தை எம்-சீல் வைத்து அடையுங்கள். மறுமுனையை, வால்வு ஊசி கழற்றி, காற்றை முழுக்கப் பிழிந்த பழைய கார் டியூபில் மாட்டுங்கள். காற்று புகவே கூடாது. எரியும் வாயுவான மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் நஞ்சு. அவற்றைத் தேடி அலைய வேண்டாம், மாட்டின் வயிற்றிலிருந்து சாணத்தோடேயே வந்திருக்கும்.

படி 3: 40 நாள் காத்திருங்கள்

30 முதல் 35 டிகிரி வெப்பம் இருந்தால் நல்லது. உள்ளே முதலில் ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் நார், புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் சர்க்கரை, அமினோ அமிலம் என்று சிறு துண்டுகளாக்கும். அடுத்த கூட்டம் அவற்றைக் கொழுப்பமிலங்களாகப் புளிக்க வைக்கும். நாற்றத்துக்குப் பெரிய காரணம் இந்த அமிலங்கள்தான். இவை அசிட்டிக் அமிலம், ஹைட்ரஜன், கரியமில வாயு என்று மாறிய பிறகுதான் மீத்தேன் கூட்டத்துக்கு வேலை. அது மெதுவாகப் பெருகும். அதனால் தொடக்கத்தில் வரும் வாயு எரியாது. கெட்டுப்போனது என்று கேனைத் திறந்துவிடாதீர்கள். அப்புறம் மீத்தேன் 55 முதல் 65 விழுக்காடு வரை வரும். டியூப் உப்பினால் திறந்தவெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் வாயுவை விட்டுவிடுங்கள்.

படி 4: திறந்து பாருங்கள்

நாற்றம் தணிந்து, குழம்பு தளர்ந்திருக்கும். கரிமப் பொருளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாயுவாகியிருக்கும். கையில் தட்டுப்படும் நாரில், செடிக்கு விறைப்புத் தரும் லிக்னின் என்ற பொருள் அதிகம். காற்றில்லாத இடத்தில் அது எளிதில் உடையாது, மண்ணுக்குப் போய் மட்காகும். வெளியேறியது பெரும்பாலும் கார்பன்தான். தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதில் ஒரு பகுதி, பயிர் உடனே எடுத்துக்கொள்ளும் அம்மோனியமாகவும் மாறியிருக்கிறது. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) எங்கும் போகவில்லை.

இந்தக் குழம்பை வெயிலில் காயப்போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த அம்மோனியம்தான் அம்மோனியாவாகக் காற்றில் பறக்கிறது. வெயில் தாழ்ந்ததும் தண்ணீரில் கலந்து செடிகளின் வேரோரம் ஊற்றி, மேலே மண்ணைத் தள்ளி மூடுங்கள்.