குறிப்புப் பொருளில் நேரும் தவறுகள்

குறிப்புப் பொருள் என்பது வெளிப்படையாகச் சொல்லாமல், கேட்பவர் ஊகித்து உணரும் பொருள். அதைக் கற்க தர்மபுரிக்காரர்கள் தூரம் போக வேண்டாம். தகடூரை, அதாவது பழைய தர்மபுரியை, ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாரைப் பார்த்தாலே போதும். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். உன் கருவிகளான இவை பீலி (மயில் தோகை) அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது.

‘புகழ்வதுபோல் இகழ்ந்தார், சொன்னதைத் தலைகீழாக்கினால் பொருள் வந்துவிடும்’ என்று பலர் விளக்கம் சொல்கிறார்கள். பெரிய தவறு இதுதான். தலைகீழாக்கிப் பாருங்கள்: தொண்டைமானின் வேல்களில் நெய் பூசவில்லை என்றாகும். ஔவை சொன்னதில் ஒரு சொல்லைக்கூடப் புரட்ட வேண்டியதில்லை. தூது வந்தவர், தம் அரசனின் கருவிகள் உடைந்து கிடப்பதை எதிராளியிடமே ஏன் சொல்ல வேண்டும்? இப்படி யோசிக்கும்போதுதான் ‘உன் படை போர் கண்டதில்லை’ என்பது கேட்பவனுக்கு உறைக்கிறது. பொருள் பிறப்பது அந்த யோசனையில்.

மெய்யியலாளர் பால் கிரைஸ் 1967இல் ஹார்வர்டு பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளில் விளக்கியதும் இந்த யோசனையைத்தான். அளவு (தேவையான அளவு சொல்வது), உண்மை, தொடர்பு (பேச்சுக்குப் பொருத்தமானதைச் சொல்வது), தெளிவு என்று அவர் வகுத்த நான்கையும் நல்ல பேச்சுக்கான ஒழுக்க விதிகளாக மனப்பாடம் செய்யாதீர்கள். பேசுபவர் இவற்றைக் காப்பார் என்று கேட்பவர் நம்புகிறார். மீறியதுபோல் தோன்றினால், காரணம் தேடுகிறார்.

அடுத்தது, குறிப்பை உறுதிப்பொருளாகக் கொள்வது. தர்மபுரி பஸ் நிலையத்தில் “பென்னாகரம் பஸ் போய்விட்டதா?” என்று கேட்கிறீர்கள். “இப்போதுதான் கூட்டம் கலைந்தது” என்கிறார் டீக்கடைக்காரர். போய்விட்டது என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வோம். ஆனால் அவர், “வெயில் தாங்காமல் எல்லோரும் நிழலுக்குப் போய்விட்டார்கள், பஸ் இன்னும் வரவில்லை” என்று தொடர்ந்தால் முரண்பாடு இல்லை. குறிப்பு மட்டும் நீங்கிவிடும். “பஸ் போய்விட்டது, ஆனால் போகவில்லை” என்று எவராலும் சொல்ல முடியாது. பிறகு சொல்லி நீக்க முடிகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. தேர்வில் இதைச் செய்துபார்க்காமல் விடை எழுதுவது எனக்கு வருத்தம் தருகிறது.

இது மேற்கிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று நினைப்பதும் தவறு. நன்னூல் விடைகளை எட்டாகப் பிரிக்கிறது. சுட்டு, மறை, நேர் மூன்றும் வெளிப்படை. மற்ற ஐந்தும் வேறொன்றைச் சொல்லி விடையை உணர்த்துபவை. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் “தோத்தாபுரி இருக்கிறதா?” என்று கேட்டால் “செந்தூரா இருக்கிறது” என்று பதில் வரும். இல்லை என்ற சொல்லே வரவில்லை. ஆனாலும் இல்லை என்று புரிகிறது. நன்னூலில் இதற்குப் பெயர் இனமொழி. கிரைஸின் தொடர்பு விதியோடு இதைச் சேர்த்துப் படித்தால் இரண்டுமே தெளிவாகும். ஆனால் இரண்டும் ஒன்றே என்று எழுதிவிடாதீர்கள்: நன்னூல் விடையின் வகைகளைச் சொல்கிறது, கிரைஸ் கேட்பவர் ஊகிக்கும் வழியைச் சொல்கிறார்.

முற்கோளை, அதாவது ஒரு வாக்கியம் ஏற்கெனவே உண்மை என்று எடுத்துக்கொள்வதை, குறிப்போடு குழப்பவும் கூடாது. “தக்காளி விலை மறுபடியும் இறங்கிவிட்டதா?” என்று பாலக்கோட்டில் ஒருவர் கேட்டால், ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் முன்பு ஒருமுறை இறங்கியதை ஒப்புக்கொண்டதாகிறது. அந்தப் பொருளைச் சுமப்பது ‘மறுபடியும்’ என்ற சொல். ஔவையின் பேச்சில் அப்படிச் சுட்டிக்காட்ட ஒரு தனிச்சொல் கிடையாது.