அப்பா தமிழர், அம்மா சீனர்: பிள்ளை தன் இனத்தைப் புரிந்துகொள்ள உதவுவது எப்படி

"நீ சீனரா, இந்தியரா?" சிங்கப்பூரில் தமிழ்–சீனப் பெற்றோரின் பிள்ளைக்கு இந்தக் கேள்வி பாலர் பள்ளியிலேயே வந்துவிடும். பதிலை அதற்கு முன்பே வீட்டில் பேசிப் பழக்குங்கள். "ரெண்டும்தான்" என்பது நல்ல பதில். "பாதி பாதி" வேண்டாம். எந்தப் பக்கமும் முழுசாக இல்லை என்றுதான் பிள்ளை காதில் விழும்.

மூன்று, நான்கு வயதில் கண்ணில் படுவது நிறமும் முடியும். "அம்மா வெள்ளை, நான் ஏன் கறுப்பு?" என்று கேட்டால் "ஷ்ஷ்" என்று அடக்காதீர்கள், நிறம் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று எடுத்துக்கொள்ளும். "அப்பாகிட்டேருந்து கொஞ்சம், அம்மாகிட்டேருந்து கொஞ்சம்" போதும். படம் வரைய நாலைந்து விதப் பழுப்பு வண்ணக்குச்சிகள் வாங்கிக் கொடுங்கள்.

சீன உடை போட்டால் சீனராகிவிடலாம் என்று இந்த வயதில் நம்புவார்கள். உடை மாறினாலும் இனம் மாறாது என்பது பெரும்பாலும் ஆறேழு வயதில்தான் பிடிபடும். அதனால்தான் பள்ளிக்குப் பாரம்பரிய உடையில் போகும் ஜூலை 21, இன நல்லிணக்க நாள், பல வீடுகளில் தலைவலி. எந்த உடை என்று ஒரு வாரம் முன்பே பிள்ளையையே கேளுங்கள். இந்த வருஷம் ஜிப்பா, அடுத்த வருஷம் சீன உடை என்றால் தப்பில்லை. இரண்டு பாட்டிகளையும் முடிவெடுக்க விடாதீர்கள்.

அதிகம் சறுக்குவது மொழியில். பள்ளியில் தாய்மொழிப் பாடம் ஒன்றுதான். மற்றது மெல்லத் தேயும். சீனம் படித்தால், அப்பாவோ பாட்டியோ ஒருவர் தினமும் அரைமணி நேரமாவது தமிழ் மட்டுமே பேசட்டும். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் நீங்கள் தமிழை விடாதீர்கள். அப்பாவின் அம்மா பாட்டி, அம்மாவின் அம்மா போபோ. இருவரையும் 'கிராண்ட்மா' ஆக்கிவிட வேண்டாம்.

2011 முதல் பிள்ளையின் பிறப்புப் பதிவில் 'இந்தியர்–சீனர்' என்பதுபோல் இரட்டை இனம் பதியலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வொரு இனத்துக்கும் உள்ள ஒதுக்கீட்டில், முதலில் வரும் இனமே கணக்கு. வரிசையை யோசித்து எழுதுங்கள்.

பதின்ம வயதில் ஒரு கூட்டத்தில் தமிழர், இன்னொன்றில் சீனர் என்று சொல்லிக்கொள்வார்கள். அது துரோகமல்ல. உடன்பிறந்தவர்களின் அனுபவமும் வேறுபடும்: மாநிறப் பிள்ளையையும் சீன முகச் சாயல் உள்ள பிள்ளையையும் ஊர் ஒரேபோல நடத்துவதில்லை. இருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். "சின்னவன்தான் நல்ல கலர்" என்று உறவினர் சொன்னால், பிள்ளைகள் எதிரிலேயே "இங்கே அந்தப் பேச்சு வேண்டாம், அத்தை" என்று நிறுத்துங்கள். அவர் போன பிறகு சமாதானம் சொன்னால் பாதிதான் எடுபடும்.