தசமபாகம் என்றதும் சம்பளக் கணக்குப் போடாதீர்கள்: ஆரம்பகால மோர்மன் போதனையைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் உருவான மோர்மன் சபையின் ஆரம்பகாலத்தைப் பற்றிப் படிக்கிறவர்கள் தசமபாகம் என்ற சொல்லைக் கண்டதும் சம்பளத்தில் பத்தில் ஒன்று என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது சரியில்லை. 1838 நடுப்பகுதி வரை அவர்களிடையே அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் விகிதமே கிடையாது. சபைக்கு மனமுவந்து கொடுத்தது கூடவோ குறையவோ, அதற்குத் தசமபாகம் என்றே பெயர்.

1838 ஜூலை 8 அன்று மிசூரி மாநிலத்து ஃபார் வெஸ்டில் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித், கடவுள் தந்ததாக அறிவித்த வெளிப்பாட்டில்தான் கணக்கு வருகிறது. முதலில் தேவைக்கு மிஞ்சிய சொத்தை, சபைச் சொத்தைக் கவனிக்கும் பிஷப்பிடம் ஒப்படைக்க வேண்டும், அதன் பிறகு ஆண்டுதோறும் தங்கள் 'இன்ட்ரஸ்ட்'டில் (ஆங்கிலத்தில் interest, வழக்கமான பொருள் வட்டி) பத்தில் ஒன்று. இந்த ஒரு சொல்லில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அதை வருமானம் என்று படிப்பது இன்றைய வழக்கம், சபைத் தலைமையே 1970இல் அப்படித்தான் விளக்கியது. ஆனால் அன்றைக்கு பிஷப்பாக இருந்த எட்வர்ட் பார்ட்ரிட்ஜ் எழுதிய விளக்கம் வேறு மாதிரி: ஒருவருக்கு 1,000 டாலர் சொத்து இருந்தால் அதற்கு வட்டி 60 டாலர், அதில் பத்தில் ஒன்று 6 டாலர். அதாவது சொத்தை வைத்துக் கணக்கு, அந்த வருடம் கையில் வந்த கூலியை வைத்து அல்ல. இதைப் பார்த்துவிட்டு, அடடா, வெறும் 6 டாலர்தானா என்று கேட்பதும் தவறுதான், ஏனென்றால் மிஞ்சிய சொத்து அதற்கு முன்பே போயிருக்கும்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது தசமபாகத்தையும் ஏழைகளுக்கான தானத்தையும் ஒன்றாக்கிப் பேசுவது. 1831 பிப்ரவரியில் ஒஹாயோ மாநிலத்து கர்ட்லாண்டில் வந்த அர்ப்பணிப்புச் சட்டம் ஏழைகளை நேராகவே நினைவுபடுத்துகிறது: சொத்தை ஒப்படைத்துவிட்டு, தங்கள் பொறுப்பில் வைத்துப் பராமரிக்க ஒரு பங்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், மிஞ்சியது களஞ்சியத்தில் இல்லாதவர்களுக்காக இருக்கும். 1838 வெளிப்பாடோ ஆலயம், சீயோனின் (அவர்கள் கட்ட நினைத்த புனித நகரத்தின்) அஸ்திவாரம், ஆசாரியத்துவம், தலைமையின் கடன் என்று பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் ஏழைகள் என்ற சொல் இல்லை. ஆகவே தசமபாகம் கொடுத்தாயிற்று, ஏழைகளுக்கான கடமையும் தீர்ந்தது என்று அவர்கள் நினைத்ததாக எழுதாதீர்கள். உபவாசக் காணிக்கை தனியாக இருந்தது, பிறகு அவர்கள் குடியேறிய யூட்டாவில் 1896 வரை மாதத்தின் முதல் வியாழக்கிழமை சாப்பிடாமல் இருந்து, அந்த உணவை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். கொடுக்க ஒன்றுமில்லாதவரையும் அவர்கள் குற்றவாளியாக்கவில்லை. 'இருந்தால் கொடுத்திருப்பேன்' என்று மனதில் சொல்லிக்கொண்டாலே போதும் என்று 1830இல் வெளியான, அவர்கள் வேதமாகக் கொள்ளும் மோர்மன் நூலில் பெஞ்சமின் ராஜா சொல்கிறார்.

ரொக்கத்தை மட்டும் எண்ணவும் கூடாது. இல்லினாய் மாநிலத்து நாவூவில் ஆலயம் கட்டும்போது பத்து நாளில் ஒரு நாள் உழைப்பே தசமபாகமானது, யூட்டாவில் காசு புழங்காத வருடங்களில் முட்டை, வெண்ணெய், வைக்கோல், தானியம், கன்றுக்குட்டி எல்லாம் தசமபாக அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன.